முன்பின் தெரியாத டெவலப்பரின் செயலியை நிறுவும்போது: மேக், விண்டோஸ் இரண்டுக்குமான வழிகாட்டி

சின்ன வேலைக்கு ஒரு சின்னச் செயலி தேவைப்படுகிறது. பிடிஎஃப் பக்கங்களைப் பிரிக்க வேண்டும், நூறு படங்களுக்கு ஒரே அடியில் பெயர் மாற்ற வேண்டும், இப்படி ஏதாவது. யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் அதை எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். இறக்கி இரட்டைக் கிளிக் செய்தால், மேக் "ஆப்பிளால் இதைச் சரிபார்க்க முடியவில்லை" என்று சொல்லிக் குப்பைத் தொட்டியைக் காட்டுகிறது. விண்டோஸ் நீலப் பெட்டி ஒன்றைப் போட்டு "உங்கள் கணினியைக் காப்பாற்றினோம்" என்கிறது.

கணினிக்குப் புதியவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய்ச் செயலியை அழித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துப் பாதுகாப்பு மொத்தத்தையும் அணைத்துவிடுகிறார்கள். முதலாவதால் நஷ்டம் அதிகமில்லை. இரண்டாவதுதான் வம்பு. அந்த ஒரு செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க இரண்டிலுமே வழி இருக்கிறது, மற்றதை எல்லாம் தொடாமலே. அந்த வழியையும், அதற்கு முன் செய்ய வேண்டிய விசாரணையையும் பார்ப்போம். பெரும்பாலான கணினிகளில் மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் மெனுப் பெயர்களைத் திரையில் உள்ளபடியே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி உண்மையில் சொல்வது என்ன?

"இது வைரஸ்" என்று அது சொல்லவில்லை. "இதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்கிறது.

ஆப் ஸ்டோருக்கு வெளியே செயலி கொடுக்கிற டெவலப்பர், ஆப்பிளிடம் ஆண்டுக்கு 99 டாலர் கட்டிப் பதிவு செய்துகொண்டால் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் கிடைக்கும். அதைக் கொண்டு செயலியில் கையொப்பமிட்டு, ஆப்பிளின் தானியங்கிச் சோதனைக்கு அனுப்பி, 'நோட்டரைசேஷன்' என்ற முத்திரையும் வாங்க வேண்டும். இதையெல்லாம் மேக்கில் சரிபார்க்கிற காவலுக்கு 'கேட்கீப்பர்' என்று பெயர். 2012-இல் மவுன்டன் லயன் என்ற மேக் பதிப்போடு வந்தது. 2019-இல் கேட்டலினா வந்தபோது நோட்டரைசேஷனும் கட்டாயமானது. விண்டோஸிலும் சான்றிதழ் உண்டு, அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு மேல் 'ஸ்மார்ட்ஸ்கிரீன்' ஒன்று பார்க்கிறது: இந்தக் கோப்பை இதற்கு முன் எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வந்ததா என்று. நேற்று வெளியான புதுப் பதிப்பை யாரும் அதிகம் இறக்கியிருக்க மாட்டார்கள். அதனால் நல்ல செயலிக்கும் முதல் சில நாள் எச்சரிக்கை வரும்.

பைசா வாங்காமல் செயலி கொடுக்கிறவர் கைக்காசு போட்டு ஆண்டுதோறும் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இகோர் பாவ்லோவ் 1999 முதல் எழுதிவரும் செயலி, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதன் நிறுவி நெடுங்காலமாகக் கையொப்பம் இல்லாமலேதான் வருகிறது. நிறுவும்போது விண்டோஸ் 'அன்னோன் பப்ளிஷர்' என்று மஞ்சள் பட்டை காட்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் செயலியின் அதிகாரபூர்வத் தளத்துக்குள் யாரோ புகுந்து, 2.90 பதிப்பின் நிறுவியை மாற்றி வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது 'கீரேஞ்சர்': மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, பிறகு கோப்புகளைப் பூட்டி ஒரு பிட்காயின் கேட்கிற ரகம். அதில் செல்லுபடியாகும் ஆப்பிள் சான்றிதழின் கையொப்பம் இருந்ததால் கேட்கீப்பர் எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டது. அடையாள அட்டை ஆள் யாரென்று சொல்லும், அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. இந்தச் சான்றிதழும் அவ்வளவுதான். ஆகவே எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக விசாரணையை விட்டுவிட முடியாது.

நிறுவும் முன் விசாரணை

முதலில், எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். கூகுளில் செயலியின் பெயரைத் தட்டினால் மேலே வருவது பல நேரம் விளம்பரம். பெயரில் ஒரு கோடு, ஓர் எழுத்து மாறிய போலித் தளமாகவும் இருக்கலாம். விளம்பரங்களைத் தாண்டிக் கீழே போங்கள். செயலியைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கம் இருந்தால் அதிலுள்ள தள முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'எல்லா மென்பொருளும் இங்கே கிடைக்கும்' என்கிற டவுன்லோட் கிடங்குகள் பக்கமே போக வேண்டாம். அங்கே மூன்று பச்சை 'டவுன்லோட்' பட்டன் இருக்கும், அதில் இரண்டு விளம்பரமாக இருக்கும்.

தனி டெவலப்பர்கள் பலர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில்தான் செயலியை வைக்கிறார்கள். புதியவர்கள் குழம்புகிற இடம் அது. பச்சை நிற 'கோட்' பட்டனை அழுத்தினால் நிரலின் மூலக் கோப்புகள்தான் வரும், செயலி வராது. வலப்பக்கம் 'ரிலீசஸ்' என்று இருக்கும். அதற்குள் 'அசெட்ஸ்' பட்டியல். அதிலும் கடைசியில் வரும் 'சோர்ஸ் கோட்' இரண்டும் உங்களுக்கானவை அல்ல. மேக்கில் எம்1 முதலான ஆப்பிள் சிப் இருந்தால் 'ஆர்ம்64' என்று பெயரில் உள்ள கோப்பு, இன்டெல் சிப் என்றால் 'எக்ஸ்64' அல்லது 'எக்ஸ்86_64'. சாதாரண விண்டோஸ் லேப்டாப்புக்கும் 'எக்ஸ்64'தான்.

அங்கே இருக்கும்போதே ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். எத்தனை ஆண்டாக அந்தத் திட்டம் நடக்கிறது? 'இஷ்யூஸ்' பகுதியில் பயனர்கள் குறை சொல்கிறார்களா, டெவலப்பர் பதில் சொல்கிறாரா? நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், அது விலைக்குக் கிடைக்கிறது. பத்து நாளுக்கு முன் திறந்த கணக்கு, விவாதம் எதுவும் இல்லை, ஆனால் விளக்கத்தில் மட்டும் படாடோபம் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, இறக்கிய கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். கூகுளுக்குச் சொந்தமான இலவசச் சேவை. ஒரே கோப்பை எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்கள் சோதித்து முடிவைக் காட்டும். கேள்விப்படாத பெயருள்ள ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் பெரும்பாலும் தவறான சந்தேகம். பெரிய நிறுவனங்கள் நாலைந்து ஒருமித்துச் சிவப்பு காட்டினால் பேச்சே வேண்டாம், அழித்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அங்கே ஏற்றுகிற கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். நிறுவிகளை மட்டும் ஏற்றுங்கள். சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

அதே தளத்தின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'எஸ்எச்ஏ-256' என்று 64 எழுத்து, எண் கொண்ட நீளமான வரிசை இருக்கும். அது அந்தக் கோப்பின் கைரேகை. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் வரிசை அடியோடு மாறிவிடும். டெவலப்பர் தன் பக்கத்தில் அதே வரிசையைக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். கிட்ஹப் இப்போது ரிலீஸ் கோப்புகளுக்கு அருகிலேயே இதைக் காட்டுகிறது. 64-ஐயும் படிக்க வேண்டாம் என்பார்கள் சிலர், முதல் எட்டும் கடைசி எட்டும் போதுமாம். நகலெடுத்துப் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினால் ஒரு நொடியில் முழுதும் ஒப்பிடலாம், எதற்குக் குறுக்கு வழி?

இந்த ஒப்பீடு வெறும் சடங்கு இல்லை. 2017 மே 2 முதல் 6 வரை, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றிச் செயலியின் ஒரு டவுன்லோட் சர்வரில் மேக் நிறுவி மாற்றி வைக்கப்பட்டிருந்தது. திறந்ததும் 'கூடுதல் கோடெக் நிறுவ வேண்டும்' என்று கடவுச்சொல் கேட்டது. கொடுத்தவர்களின் கணினியில் 'புரோட்டான்' என்ற உளவு நிரல் உட்கார்ந்துகொண்டது. கைரேகையை ஒப்பிட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். வீடியோ மாற்றுகிற செயலிக்கு உங்கள் கடவுச்சொல் எதற்கு என்று ஒரு விநாடி யோசித்தவர்களும் தப்பித்திருப்பார்கள்.

'கிராக்' செய்த ஃபோட்டோஷாப், 'ஆக்டிவேட்டர்' வகையறாவுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவற்றோடு வரும் குறிப்பே 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்றுதான் தொடங்கும்.

மேக்கில் செய்வது

இப்போதைய மேக்குகளில், சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்து 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குப் போய்க் கீழே உருட்டினால் 'செக்யூரிட்டி' பகுதி வரும். அதில் எங்கிருந்து வரும் செயலிகளை அனுமதிப்பது என்று இரண்டே தேர்வு: ஆப் ஸ்டோர் மட்டும், ஆப் ஸ்டோரும் அறியப்பட்ட டெவலப்பர்களும். இரண்டாவதில் வையுங்கள். முன்பு 'எங்கிருந்தும்' என்ற மூன்றாவது தேர்வும் இருந்தது. 2016-இல் சியராவோடு ஆப்பிள் அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டது. அதை டெர்மினல் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் ஜன்னல்) கட்டளையால் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. செய்யாதீர்கள், தேவையும் இல்லை.

கையொப்பம் இல்லாத செயலியைத் திறக்கும் முறை:

1. இறக்கிய செயலியை ஃபைண்டரில் பிடித்து அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். டவுன்லோட்ஸிலிருந்தோ டிஎம்ஜி (மேக் செயலி அடைத்து வரும் கோப்பு) ஜன்னலுக்குள்ளிருந்தோ நேராகத் திறந்தால், மேக் அதை ஒரு தற்காலிக இடத்தில் வைத்து ஓட்டும். பிறகு அப்டேட் வேலை செய்யாது.
2. இரட்டைக் கிளிக் செய்யுங்கள். எச்சரிக்கை வரும். 'மூவ் டு ட்ராஷ்' அல்லது 'மூவ் டு பின்' பளிச்சென்று தெரியும், அதை விட்டுவிட்டு 'டன்' அழுத்துங்கள்.
3. சிஸ்டம் செட்டிங்ஸில் அதே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். தடுக்கப்பட்ட செயலியின் பெயரும், பக்கத்தில் 'ஓப்பன் எனிவே' பட்டனும் இருக்கும்.
4. அதை அழுத்தி, மீண்டும் வரும் பெட்டியிலும் 'ஓப்பன் எனிவே' கொடுத்து, கடவுச்சொல்லோ கைரேகையோ வையுங்கள்.

அந்தச் செயலி இனிமேல் கேள்வி கேட்காமல் திறக்கும். மற்றவற்றுக்குக் காவல் அப்படியே இருக்கும். மூன்றாம் படியில் பட்டனைக் காணவில்லை என்று பலர் தவிப்பார்கள். செயலியைத் திறக்க முயன்ற பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் அது அங்கே இருக்கும். மீண்டும் ஒருமுறை திறக்க முயன்றுவிட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

செயலி மேல் கன்ட்ரோல் கிளிக் செய்து 'ஓப்பன்' கொடு என்ற பழைய குறிப்பு 2024-இல் வந்த செக்கோயாவிலிருந்து பலிக்காது. சோனோமாவிலும் அதற்கு முந்தையவற்றிலும் இன்னும் பலிக்கும். மான்டரே வரையிலான மேக்குகளில் இடத்தின் பெயரே வேறு: சிஸ்டம் ப்ரிஃபரன்சஸ், அதில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி', அதில் 'ஜெனரல்'.

எச்சரிக்கைகளில் இன்னும் இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 'செயலி சேதமடைந்துள்ளது, திறக்க முடியாது' என்று வந்தால், பெரும்பாலும் இறக்கும்போது கோப்பு கெட்டிருக்கிறது, அல்லது கையொப்பத்தில் கோளாறு. அழித்துவிட்டு டெவலப்பரின் தளத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். அப்படியும் வந்தால் அவருடைய பக்கத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்துக் கோப்பின் மேலுள்ள 'இணையத்திலிருந்து வந்தது' முத்திரையை நீக்கச் சொல்லியிருப்பார். அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று புரியாதவரை, அந்தச் செயலி இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. மற்றொன்று, 'இந்தச் செயலி உங்கள் கணினிக்குக் கேடு விளைவிக்கும்' என்பது. அது சந்தேகம் இல்லை, தீர்ப்பு. தெரிந்த தீநிரலோடு பொருந்தியிருக்கிறது, அல்லது டெவலப்பரின் சான்றிதழை ஆப்பிள் ரத்து செய்திருக்கிறது. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் செய்வது

முதலில், ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவவே விடவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதில் 'அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ்', அதில் 'சூஸ் வேர் டு கெட் ஆப்ஸ்' என்பது ஸ்டோர் மட்டும் என்று இருக்கலாம். அதை 'எனிவேர்' ஆக்கலாம். இல்லையென்றால் கணினி, ஸ்டோர் செயலிகளை மட்டும் அனுமதிக்கும் 'எஸ் மோட்'டில் இருக்கிறது. விலை குறைந்த புது லேப்டாப்கள் சில அப்படித்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக இலவசமாகவே வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. வீட்டுப் பெரியவர்களுக்கென்று வாங்கிய கணினி என்றால் அதை எஸ் மோட்டிலேயே விட்டுவைப்பது நல்லது.

வழக்கமாக வருவது ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பெட்டி. அதில் 'டோன்ட் ரன்' என்ற பட்டன் மட்டும்தான் கண்ணில் படும். மேலே உள்ள வரிகளின் முடிவில் சின்னதாக 'மோர் இன்ஃபோ' என்று இருக்கும். அதை அழுத்தினால் கோப்பின் பெயர், வெளியீட்டாளர் பெயர், 'ரன் எனிவே' பட்டன் மூன்றும் தெரியும். பட்டனுக்குப் போகும் முன் அந்தப் பெயர்களைப் படியுங்கள். நீங்கள் இறக்கியதாக நினைத்த கோப்புதானா அது?

இந்தப் பெட்டி எப்படி வருகிறது என்பது தெரிந்தால் பல குழப்பங்கள் தீரும். பிரவுசர் ஒரு கோப்பை இறக்கும்போது, அதனோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை விண்டோஸ் ஒட்டி வைக்கிறது: இது இணையத்திலிருந்து வந்தது என்று. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால், அடியில் 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் தெரிவது அதனால்தான். ஜிப் கோப்பாக வந்த செயலியை விசாரித்து முடித்துவிட்டீர்கள் என்றால், பிரிப்பதற்கு முன்பே ஜிப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் செய்துவிடுங்கள். உள்ளே உள்ள ஐம்பது கோப்புக்கும் தனித்தனியாகத் தொல்லை இருக்காது.

இதே குறிப்பு காணாமலும் போகும். நண்பர் பென் டிரைவில் கொடுத்த செயலியைத் திறந்தால் பெரும்பாலும் எந்தப் பெட்டியும் வராது. பென் டிரைவ்கள் வழக்கமாக ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். அந்தக் குறிப்பை ஏற்கிற இடமே அவற்றில் இல்லை. 'விண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நல்லதுதான்' என்ற முடிவுக்கு வர வேண்டாம். விண்டோஸ் கேட்கவே இல்லை என்பதுதான் நடந்தது.

ஸ்மார்ட்ஸ்கிரீனைத் தாண்டியதும் இன்னொரு பெட்டி வரலாம்: கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கவா என்று. கையொப்பம் இருந்தால் நீலப் பட்டையும் வெளியீட்டாளர் பெயரும், இல்லையென்றால் மஞ்சள் பட்டை. எல்லா செயலிக்கும் இந்த அனுமதி வேண்டியதில்லை. 'போர்ட்டபிள்' என்ற பதிப்பு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அதை நிறுவ வேண்டாம், அட்மின் அனுமதி அநேகமாகக் கேட்காது, பிடிக்காவிட்டால் ஃபோல்டரை அழித்தால் முடிந்தது.

விண்டோஸ் 11-இல், நம்பகம் தெரியாத செயலிகளைத் தடுக்கும் 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' என்று இன்னொன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் 'ரன் எனிவே' கிடையாது. தனிச் செயலிக்கு விலக்குக் கொடுக்கவும் முடியாது. அதை மொத்தமாக அணைக்கலாம், ஆனால் பல பதிப்புகளில் அணைத்த பிறகு விண்டோஸை மறுபடி நிறுவாமல் திரும்பப் போட முடியாது. ஒரு சின்னச் செயலிக்காக அதை அணைக்கும் முன், அதே வேலையைச் செய்யும் வேறு செயலி ஸ்டோரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் வசதி: 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்'. 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் டிக் செய்தால் கிடைக்கும். கணினிக்குள் ஒரு தற்காலிகக் கணினி திறக்கும். அங்கே நிறுவி ஓட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் இது இல்லை.

எந்தச் சூழலிலும் செய்யக் கூடாதவை

விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொல்கிற, அல்லது ஒரு ஃபோல்டரை அது சோதிக்காமல் விடும் 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் சேர்க்கச் சொல்கிற நிறுவியை நம்பாதீர்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க' விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டி என்டர் தட்டச் சொல்லும் பக்கங்கள் இப்போது பெருகிவிட்டன. மேக்கில் டெர்மினலைத் திறக்கச் சொல்லும். மேலே சொன்ன காவல் எதுவும் அங்கே உதவாது, ஏனென்றால் நீங்களே கட்டளை கொடுக்கிறீர்கள். அந்த டேப்பை மூடுங்கள். அலுவலகக் கணினியில் தடை இருந்தால் அது நிர்வாகம் போட்ட தடை. ஐடி பிரிவில் கேட்பதுதான் வழி.

நிறுவிய பிறகு

செயலி என்னென்ன அனுமதி கேட்கிறது என்று கவனியுங்கள். மேக்கில் ஜன்னல்களை அடுக்கி வைக்கும் ரெக்டாங்கிள் போன்ற செயலி 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி கேட்பது சரி, அது இல்லாமல் மற்ற ஜன்னல்களை நகர்த்த முடியாது. பிடிஎஃப் பிரிக்கிற செயலி 'ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்' கேட்டால் அதற்குக் காரணமே இல்லை. மறுத்துவிட்டுப் பாருங்கள், வேலை செய்தால் நல்லது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி என்று நாம் நெடுநாள் பயன்படுத்தியவை எல்லாம் தனிமனிதர்களும் சிறு குழுக்களும் செய்து கொடுத்தவைதான். தமிழ் இணையம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் எந்தத் தட்டச்சுச் செயலியும், அதன் வேலையே அப்படி என்பதால், நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கும், வங்கிக் கடவுச்சொல் உட்பட. உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குவதும், யாரோ மறுபடி ஏற்றி வைத்த பழைய பிரதியை இறக்குவதும் ஒன்றல்ல. இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99, அஞ்சல் என்ற தட்டச்சு முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. கீபோர்டு அமைப்பில் தமிழைச் சேர்த்து முதலில் அதைப் பழகிப் பாருங்கள். வசதிப்படாவிட்டால் வெளிச் செயலிக்குப் போகலாம்.

அப்டேட் வந்திருக்கிறது என்று செயலியின் உள்ளேயிருந்து செய்தி வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஏதோ ஒரு இணையப் பக்கம் 'உங்கள் செயலி பழசாகிவிட்டது' என்றால் அதை அழுத்தாமல், டெவலப்பரின் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். கையொப்பம் இல்லாத செயலியாக இருந்தால், புதுப் பதிப்புக்கும் அதே எச்சரிக்கை மறுபடி வரலாம். கைரேகை ஒப்பீட்டையும் மறுபடி செய்யுங்கள்.

வேண்டாம் என்று நீக்கும்போது, விண்டோஸில் செட்டிங்ஸ், ஆப்ஸ், 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' வழியாக நீக்கிவிட்டு, டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பட்டியலில் அதன் பெயர் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் செயலியைக் குப்பையில் போட்ட பிறகு, 'ஜெனரல்' பகுதியின் 'லாகின் ஐட்டம்ஸ்' பட்டியலையும், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் அதற்குக் கொடுத்த அனுமதிகளையும் பார்த்து, பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள்.